ஏலத்தில் போன வீடும் எஞ்சிய தொகையும்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் என்றொரு நகரம் உள்ளது. அந்நகரில் ஜெரால்டின் டைலர் என்னும் அம்மையார் 1999ஆம் ஆண்டில் ஓர் அடுக்கக வீட்டை விலைக்கு வாங்கினார். ஒரே படுக்கையறை கொண்ட சிறிய வீடு. பத்தாண்டுகளுக்கு மேல் அதில் தனியே வாழ்ந்தார். முதுமை நெருங்கியது. தனியே இருப்பதைவிட முதியோர் குடியிருப்பே பாதுகாப்பானது என்று குடும்பத்தாரோடு கலந்து முடிவு செய்து, 2010இல் அங்கே குடிபெயர்ந்தார். அதன்பின் பழைய வீட்டுக்குரிய சொத்து வரியை யாரும் செலுத்தவில்லை.

2015ஆம் ஆண்டளவில் நிலுவை வரி ஏறத்தாழ 2,300 டாலர் ஆயிற்று. வட்டியும் தண்டமும் செலவும் சேர்ந்து மேலும் 13,000 டாலர் ஏறின. ஹென்னபின் கவுண்டி அந்த வீட்டை எடுத்துக்கொண்டு 40,000 டாலருக்கு விற்றது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பகுதி. சேர வேண்டிய 15,000 டாலரும் கவுண்டிக்குச் சேர்ந்துவிட்டது. எஞ்சிய 25,000 டாலரையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அன்றைய மாநிலச் சட்டம் அதற்கு இடம் தந்தது.

அந்த 25,000 டாலர் யாருக்கு உரியது என்னும் வினாவை மையமாகக் கொண்டே இவ்வுரை அமைகிறது. அமெரிக்காவில் வரி நிலுவைக்காக ஏலத்துக்கு வரும் வீடுகளையும், கடன் தவறி மூழ்கிப்போன வீடுகளையும் குறைந்த விலைக்கு வாங்குவது ஒரு முதலீட்டு முறையாகவே வளர்ந்துள்ளது. சில நூறு டாலருக்கு வீடு கிடைக்கும் என்னும் விளம்பரங்கள் அங்கே மிகுதி. அந்நாட்டில் குடியேறி உழைக்கும் பிள்ளைகளின் காதுக்கும் அவ்விளம்பரங்கள் எட்டாமல் இரா. வாங்குவது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆயினும் மலிவு எதனால் வந்தது, அந்த வீட்டின்மேல் இன்னும் யார் யாருக்கு உரிமை எஞ்சியிருக்கிறது என்று அறியாமல் இறங்குவோர் பொருளையும் இழப்பர். சில வேளைகளில் பெயரையும் இழப்பர்.

அமெரிக்காவில் சொத்து வரியைக் கொண்டே பள்ளிகளும் சாலைகளும் தீயணைப்புப் பணிகளும் பெரிதும் நடைபெறுகின்றன. ஆகவே அவ்வரிக்குச் சட்டம் முதலிடம் தந்துள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வீட்டின்மேல் வங்கிக்கு உள்ள அடமான உரிமையைவிட வரிக்கான உரிமையே முந்தியது. இவ்வுரிமையைப் பற்றுரிமை என்பர். வரி வராதபோது அதை வசூலிக்க மாநிலங்கள் இருவகை வழிகளைக் கையாளுகின்றன.

முதல் வழி, அந்தப் பற்றுரிமையையே தனியாருக்கு விற்பது. அரிசோனா, புளோரிடா முதலிய மாநிலங்களில் இம்முறை உண்டு. முதலீட்டாளர் நிலுவை வரியைக் கவுண்டிக்குக் கட்டி ஒரு சான்றிதழ் பெறுகிறார். வீட்டுக்காரர் பின்னர் அவ்வரியை வட்டியோடு செலுத்தும்போது அப்பணம் சான்றிதழ் வைத்திருப்பவருக்குச் சேரும். புளோரிடாவில் வட்டியின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. அரிசோனாவில் 16 விழுக்காடு. அவ்விரு மாநிலங்களிலும் ஏலம் மேலே ஏறாமல் கீழே இறங்கும். மிகக் குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொள்பவருக்கே சான்றிதழ் கிடைக்கும். எனவே விளம்பரத்தில் காணும் 18 விழுக்காடு உச்ச வரம்பே அன்றி உறுதியான வருவாய் ஆகாது. சான்றிதழை வாங்கியவர் வீட்டை வாங்கியவரும் ஆகார். புளோரிடாவில் குறித்த காலத்துக்குள் வரி மீட்கப்படாவிடில், சான்றிதழ் வைத்திருப்பவர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருமாறு விண்ணப்பிக்கலாம். அப்போதும் வீடு பொது ஏலத்தில்தான் விற்கப்படும்.

இரண்டாம் வழி, வீட்டையே ஏலத்தில் விற்று வாங்கியவர் பெயருக்குப் பத்திரம் எழுதித் தருவது. இதையே வரிவிற்பனைப் பத்திரம் எனலாம். கலிபோர்னியாவில் குடியிருப்பு வீட்டின் வரி பொதுவாக ஐந்தாண்டுகள் நிலுவையில் நின்ற பின்னரே அதை விற்கும் அதிகாரம் கவுண்டிக்கு வருகிறது. ஏல நாளுக்கு முந்தைய வேலைநாள் முடியும் நேரம்வரை உரிமையாளர் நிலுவையைச் செலுத்தி வீட்டை மீட்கலாம். அதற்குப் பின் மீட்புரிமை இல்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் விற்ற பின்னரும் மீட்புரிமை தொடர்கிறது. உரிமையாளர் தாமே குடியிருந்த வீடு எனில் இரண்டாண்டுக் காலம் அவருக்கு உண்டு. முதல் ஆண்டில் மீட்டால் வாங்கியவருக்கு 25 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் மீட்டால் 50 விழுக்காடும் மிகுதியாகத் தர வேண்டும். பிற சொத்துகளுக்குப் பொதுவாக 180 நாள்கள். ஜார்ஜியாவில் விற்பனைக்குப் பின் முதல் 12 மாதங்கள் மீட்புக் காலம். மீட்பவர் 20 விழுக்காடு மிகுதி தருவார். இம்மாநிலங்களில் வாங்கியவர் கையில் இருப்பது அக்காலம் முடியும்வரை முழுமை பெறாத உரிமையே. பத்திரம் கைக்கு வந்த மறுநாளே சுவரை இடித்துப் புதுக்கி அழகுபடுத்தினால், பழைய உரிமையாளர் மீட்கும்போது அச்செலவு முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க இயலாது.

விலை மலிவாக இருப்பதற்கு இந்த மீட்புரிமை ஒரு காரணம். உரிமையாளருக்கு முறையான அறிவிப்புச் சென்று சேர்ந்ததா என்னும் ஐயம் மற்றொரு காரணம். அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். ஒருவர் 1967இல் அங்கே வீடு வாங்கி, 30 ஆண்டுகள் தவணை கட்டினார். அக்காலமெல்லாம் கடன் தந்த நிறுவனமே தவணையோடு வரியையும் பெற்று அரசுக்குச் செலுத்தி வந்தது. 1997இல் கடன் தீர்ந்தது. அதோடு நிறுவனத்தின் பொறுப்பும் முடிந்தது. வரி கட்டுவார் இல்லாமல் போயிற்று. அவர் மனைவியைப் பிரிந்து முன்னரே வேறிடம் சென்றிருந்தார்.

மாநில அரசு பழைய முகவரிக்கே பதிவு அஞ்சல் அனுப்பியது. வாங்குவார் இல்லை என்று அது திரும்பி வந்தது. இரண்டாண்டு கழித்து அனுப்பிய மற்றோர் அஞ்சலும் அவ்வாறே திரும்பியது. ஏறத்தாழ 80,000 டாலர் மதிப்புள்ள அந்த வீடு 21,042 டாலருக்கு விற்கப்பட்டது. வீட்டைக் காலி செய்யும்படி ஆணை வந்தபோதுதான் அவருடைய மகள் வழியாக அவருக்குச் செய்தி தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜோன்ஸ் எதிர் பிளவர்ஸ் எனப்படும் அவ்வழக்கில் 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அஞ்சல் திரும்பி வந்ததை அறிந்த அரசு, கதவில் அறிவிப்பை ஒட்டுவது போன்ற எளிய முயற்சியையேனும் செய்திருக்க வேண்டும். செய்யாமல் வீட்டை விற்றது முறையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். அறிவிப்பில் தவறு செய்தது அரசு. ஆனால், வழக்கு மன்றம்வரை இழுக்கப்பட்டவருள் ஏலத்தில் வாங்கியவரும் ஒருவர்.

இத்தகைய குறைகள் மறைந்திருக்கக்கூடும் என்பதால், வரிவிற்பனைப் பத்திரத்தை மட்டும் நம்பி உரிமைக் காப்பீடு தர அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பல வேளைகளில் முன்வருவதில்லை. அக்காப்பீடு இல்லையேல் அடுத்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே வாங்கியவர் நீதிமன்றத்தில் தனியே வழக்குத் தொடுத்து, தம் உரிமையில் ஐயமில்லை என்னும் தீர்ப்பைப் பெற வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கட்டணமும் காத்திருக்கும் காலமும் ஏல விலையோடு சேர்த்து எண்ணத் தக்கவை. மத்திய அரசின் வருமான வரித் துறைக்கு அந்த வீட்டின்மேல் பற்றுரிமை இருந்தால், விற்பனைக்குப் பின் குறைந்தது 120 நாள்கள் அத்துறையே வீட்டை மீட்டுக்கொள்ளலாம். புளோரிடா போன்ற இடங்களில் நகராட்சிக்குச் சேர வேண்டிய பற்றுகள் ஏலத்துக்குப் பின்னும் வீட்டை விட்டு நீங்குவதில்லை.

வீட்டின் நிலையோ வேறொரு புதிர். பொதுவாக ஏலத்துக்கு முன் உள்ளே சென்று பார்க்க இசைவு கிடையாது. உள்ளே யாரேனும் குடியிருக்கலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். ஏலத்துக்கு வரும் வீடு தானமன்று. அதை அடித்தளம்வரை ஆராய வேண்டும் என்றால் அதற்கும் வழியில்லை.

டெட்ராய்ட் நகரம் இதற்குச் சான்று. மோட்டார் வாகனத் தொழிலால் செழித்திருந்த அந்நகரம் தொழில் நலிந்து, மக்கள் வெளியேறி, 2013ஆம் ஆண்டு ஜூலையில் திவால் மனுக் கொடுத்தது. அந்நகரை உள்ளடக்கிய வெய்ன் கவுண்டியின் வரி ஏலத்தில், முதற்சுற்றில் விலைபோகாத வீடுகள் இரண்டாம் சுற்றில் 500 டாலர் தொடக்க விலைக்கு வந்தன. தொலைவிலிருந்தபடியே அவற்றை வாங்கியோர் பலர். செப்புக் குழாய்கள் பிடுங்கப்பட்ட, கூரை ஒழுகும் வீடுகளும் அவற்றுள் இருந்தன. வாங்கிய நாள் முதல் அவ்வீட்டின் வரி வாங்கியவர் தலையில் ஏறும். செப்பனிட இயலாமல் கைவிட்டால் அதே வீடு மறுபடியும் வரி நிலுவையில் அதே ஏலத்துக்கு வரும்.

அந்நகரின் கதைக்கு மறுபுறமும் உண்டு. ஒரு சொத்தை அதன் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் வரிக்காக மதிப்பிடலாகாது என்பது மிச்சிகன் மாநில அரசமைப்பின் விதி. டெட்ராய்ட்டில் வீட்டு விலைகள் சரிந்த பின்னும் மதிப்பீடுகள் அதற்கேற்பக் குறைக்கப்படாமையால், மலிவான வீடுகள் பல அவ்வரம்பைத் தாண்டி மதிப்பிடப்பட்டிருந்தமையை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். செலுத்த வேண்டாத வரியைச் செலுத்த முடியாமையால் வீட்டை இழந்தோர் அங்கே இருந்தனர் என்பது இதன் பொருள். ஏலப் பட்டியலில் உள்ள எண்ணும் தொகையும் இவற்றைச் சொல்வதில்லை.

இனி எஞ்சிய தொகை பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். அதே மிச்சிகனில் சவுத்ஃபீல்டு என்னும் ஊரில் உரி ரஃபேலி என்பவர் 2011இல் வாடகைக்கு விடும் நோக்கோடு 60,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அவரும் ஒரு முதலீட்டாளரே. வரியில் குறைவாகக் கட்டிய தொகையைப் பின்னர்ச் செலுத்தினார். ஆனால், இடைக்காலத்து வட்டியில் 8 டாலர் 41 சென்ட் விடுபட்டது. அது வட்டியும் கட்டணமும் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட் ஆயிற்று. அதற்காக ஓக்லாண்டு கவுண்டி 2014இல் அந்த வீட்டைக் கைப்பற்றி 24,500 டாலருக்கு விற்று, முழுத் தொகையையும் வைத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஜூலையில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம், வரிக்கும் செலவுக்கும் மேற்பட்ட தொகை உரிமையாளருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது.

அதன் பின்னரே ஜெரால்டின் டைலரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கவுண்டியின் தரப்பில் ஒரு வாதம் வைக்கப்பட்டது. அந்த வீட்டின்மேல் 49,000 டாலர் அடமானக் கடனும், குடியிருப்போர் சங்கத்துக்கு 12,000 டாலர் பாக்கியும் இருந்தன. ஆகவே 25,000 டாலர் வந்தாலும் அம்மையாருக்கு எதுவும் நில்லாது என்பதே அவ்வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அத்தொகை கைக்கு வந்திருந்தால் அவர் தம் கடன் சுமையைக் குறைத்திருப்பார் அல்லவா என்று கருதியது. கடனாளியின் பணமும் அவருடைய பணமே.

2023ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதை எழுதினார். தக்க இழப்பீடின்றித் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தலாகாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் கவுண்டி மீறியதாக அம்மையார் வழக்காடலாம் என்பது முடிவு. இக்கொள்கை புதியதன்று என்று காட்ட, 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனம் வரை தீர்ப்புப் பின்னோக்கிச் செல்கிறது. இறந்தவர் மன்னருக்குத் தர வேண்டிய கடனுக்காக அதிகாரி பொருளை எடுக்கலாம். கடன் தீர்ந்தபின் எஞ்சியதை உரியவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது அச்சாசனத்தின் விதி. அமெரிக்காவிலும் 36 மாநிலங்கள் மிகுதித் தொகையை உரிமையாளருக்குத் திருப்பித் தரும் சட்டத்தை ஏற்கெனவே கொண்டிருந்தன என்பதையும் தீர்ப்புச் சுட்டியது. அரசுக்கு வரி வாங்கும் உரிமை முழுமையாக உண்டு. அவ்வுரிமை வரித் தொகையோடு நிற்கிறது. தீர்ப்பு வந்தபோது அம்மையாருக்கு வயது 94. அடுத்த ஆண்டே மின்னசோட்டா மாநிலம் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

முதலீடு செய்வோர் இத்தீர்ப்பைத் தமக்கு எதிரானதாக எண்ண வேண்டுவதில்லை. பலர் அறிந்து வந்து போட்டியிடும் ஏலத்தில் நேர்மையான விலை கொடுத்து வாங்குபவர், வரியைத் தீர்க்கவும் உதவுகிறார். வீட்டை இழந்தவருக்கு எஞ்சிய தொகை மிகுவதற்கும் காரணமாகிறார். கவலைக்குரியது வேறொரு வழி. ஏலத்துக்கு முன் முதியவரின் வீட்டுக் கதவைத் தட்டி, மீட்கும் வழியை மறைத்து, சில ஆயிரத்துக்குப் பத்திரம் எழுதி வாங்குவோர் உண்டு. எஞ்சிய தொகை கவுண்டியில் காத்திருப்பதை அறியாதவரிடம், அதைப் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பெரும்பகுதியைக் கூலியாகக் கேட்போரும் உண்டு. கலிபோர்னியாவில் அத்தொகையைக் கோர, பத்திரம் பதிவான நாளிலிருந்து ஓராண்டே காலம். உரியவர் நேரே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சொல் சொல்லாமல் மறைத்துப் பெறும் ஊதியத்தை, கள்ளாமையையும் மிகுபொருள் விரும்பாமையையும் விரதமாகக் கொண்ட இல்லறத்தார் எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் நாட்டில் நிலை எவ்வாறு என்று அவையோர் வினவக்கூடும். இங்கு ஏலத்தில் மலிவாக வரும் வீடுகளுள் பெரும்பகுதி, வங்கிக் கடன் தவறியதால் வருபவை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். விற்பனையில் கடனும் செலவும் போக எஞ்சிய தொகையை உரியவரிடம் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவே கூறுகிறது. கடன் வாங்கியவர் வீட்டை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும்வரை மட்டுமே. ஏலம் எடுத்தவர் அன்றோ அடுத்த வேலைநாளிலோ 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாக விற்பனை உறுதியான 15 நாள்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். உள்ளது உள்ளபடியே விற்கப்படும் என்னும் வரி அறிவிப்பில் தவறாமல் இருக்கும். வில்லங்கச் சான்று, வரி, மின்கட்டணப் பாக்கி, உள்ளே குடியிருப்போர் ஆகியவற்றை ஆராய்வது வாங்குபவர் பொறுப்பு என்பதே அவ்வரியின் பொருள்.

ஆகவே இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞர்கள் தொகையைக் கட்டுமுன் சில வினாக்களை எழுதி விடை காண வேண்டும். மீட்புக் காலம் எவ்வளவு? உரிமையாளருக்கு அறிவிப்புச் சென்றதற்குச் சான்று உண்டா? ஏலத்துக்குப் பின்னும் நீங்காத பற்று எது? உரிமையை உறுதிசெய்ய எவ்வளவு செலவாகும்? எஞ்சிய தொகை உரியவரைச் சேரும் வழி உண்டா? முதல் நான்கும் பணத்தைக் காப்பவை. ஐந்தாவது வினாவுக்கும் விடை கண்டவரே அந்த வீட்டில் மன அமைதியோடு விளக்கேற்ற முடியும்.

நிறைவாக, எந்த ஏலத்துக்கும் போகாத குடும்பங்களுக்கும் இவ்வழக்குகளில் பாடம் உண்டு. மினியாபொலிஸ் அம்மையார் வீடு மாறினார். வரிப் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. லிட்டில் ராக் நகரத்தவர் முகவரி மாறினார். அஞ்சல் பழைய வாயிலுக்கே போயிற்று. பிள்ளைகள் நகரங்களிலும் அயல்நாடுகளிலும் இருக்க, ஊரில் பூட்டிக் கிடக்கும் பெற்றோர் வீடுகள் எத்தனையோ உள்ளன. விழா முடிந்து இல்லம் திரும்புவோர் அவ்வீட்டின் வரி இரசீதை எடுத்துப் பார்ப்பார்களாக. யார் பெயரில், எந்த முகவரிக்கு வருகிறது, கடைசியாக எந்த ஆண்டுக்குக் கட்டப்பட்டது, இனி யார் கட்டுவது என்பதை உடன்பிறந்தார் கூடி இந்த வாரமே முடிவு செய்துகொள்ளலாம்.